பழைய கை, புதிய வண்டி

1970களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் பைக் விபத்து என்று தகவல் வந்ததும், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று அந்த இடத்துக்கு விரையும். அதன் தலைவர் ஹாரி ஹர்ட். சாலையில் டயர் இழுத்த தடத்தை அளந்தார்கள், நொறுங்கிய வண்டியைப் பரிசோதித்தார்கள், சாட்சிகளிடம் பேசினார்கள். இப்படி 900 விபத்துகளை நேரடியாக ஆராய்ந்து, மேலும் 3,600 விபத்துகளின் போலீஸ் அறிக்கைகளையும் படித்து, 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இருசக்கர வண்டிப் பாதுகாப்பு பற்றி எழுதுகிற எவரும் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது.

அதில் உள்ள ஒரு முடிவுக்காகவே இந்த அத்தியாயத்தை எழுதத் தோன்றியது. விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலையில் ஓட்டிய அனுபவம் சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டு இருந்தது. ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விபத்துக்குள்ளான அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகவில்லை. பைக் ஓட்டத் தெரிந்தவர்கள்தான். அந்த வண்டிதான் அவர்களுக்குப் புதிது.

நம் ஊரில் ஒரு தலைமுறையே இப்போது அந்த நிலையில் நிற்கிறது. கல்லூரி நாளில் யெஸ்டியோ புல்லட்டோ ஆர்எக்ஸ் 100ஓ ஓட்டியவர்கள், கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று வாழ்க்கை நகர, வண்டியை விற்றுவிட்டு ஸ்கூட்டருக்கோ காருக்கோ மாறினார்கள். இப்போது வயது 50, 55. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், கையில் கொஞ்சம் பணமும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் மிச்சம் இருக்கிறது. மறுபடி பைக் ஓட்டும் ஆசை எட்டிப் பார்க்கிறது. அந்த ஆசையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஷோரூமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 25 வயதில் வாங்க முடியாமல் போன வண்டியைத் தேடிப் போகிறார்கள். தேட வேண்டியது 55 வயது உடம்புக்குப் பொருந்தும் வண்டியை.

ஓட்டுவது மறந்துபோயிருக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அது தேவையில்லை. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் புதிதாக நடக்கும் எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை ஒரு நட்சத்திர வடிவத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து வரையச் சொன்னார். கை எதிர்ப்பக்கம் போகும் என்பதால் இது யாருக்குமே கடினமான வேலை. மொலைசன் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் முந்தைய நாள் வரைந்தது அவருக்குத் துளியும் ஞாபகம் இல்லை. நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் பகுதி வேறு, கை கால் பழக்கத்தைச் சேமிக்கும் பகுதி வேறு என்பது இதிலிருந்து புலப்பட்டது. பழக்கம் சிறுமூளையிலும் மூளையின் அடிப்பகுதி முடிச்சுகளிலும் பதிகிறது. அது எளிதில் அழிவதில்லை. 20 ஆண்டு கழித்து வண்டியில் ஏறினாலும் கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைத் திருகும் அளவு கைக்குத் தானாக வரும்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கை எந்த வண்டியில் பழகியதோ அந்த வண்டியைத்தான் அது நினைவில் வைத்திருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்று விற்கும் எந்தப் பைக்கிலும் இது நேர்மாறு. சாதாரணமாக ஓட்டும்போது புத்தி இதைச் சமாளித்துவிடும். திடீரென்று ஒரு நாய் குறுக்கே பாய்ந்தால் புத்தியைக் கேட்க நேரம் இருக்காது, பழைய கால் முந்திக்கொள்ளும். ஹர்ட் அறிக்கையின் இன்னொரு கணக்கு: விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு.

இதைவிடப் பரவலான சிக்கல் ஸ்கூட்டரிலிருந்து வருகிறது. கியரில்லா ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின் பிரேக். 15 ஆண்டு அதைப் பிடித்துப் பழகிய கை, பைக்கில் ஏறியதும் பதற்றத்தில் அதையேதான் பிடிக்கும். பைக்கில் அது கிளட்ச். பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்து வண்டி தன் பாட்டுக்கு உருளும், வேகம் குறையாது. பழைய ஹீரோ ஹோண்டாவில் எல்லா கியரையும் முன்னால் மிதித்தே போட்டவருக்கு, ஒன்றைக் கீழே மிதித்து மற்றதை மேலே தூக்கும் வண்டி சில வாரம் தடுமாற்றம் தரும். இவை எல்லாம் சரியாகும். வெறிச்சோடிய மைதானத்தில் ஒரு மாதம் காலையில் பழகினால் புதிய பழக்கம் பழையதன் மேல் படியும். அந்த மாதத்தை யாரும் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக மூளை ஆய்வாளர் ரியூத்தா கவாஷிமா 2009 வாக்கில் ஒரு சோதனை நடத்தினார். உரிமம் இருந்தும் 10 ஆண்டுக்கு மேல் பைக் ஓட்டாத 22 ஆண்களில் ஒரு பிரிவினரை 2 மாதம் அன்றாடம் ஓட்ட வைத்தார். ஓட்டியவர்கள் நினைவாற்றல் போன்ற சோதனைகளில் மற்றவர்களைவிட மேம்பட்டார்கள். யமஹா நிறுவனத்தின் கூட்டுறவில் நடந்த சிறிய ஆய்வு இது, இதை வைத்துப் பைக்கை மருந்தென்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் கை, கால், கண், காது நான்கையும் ஒரே கணத்தில் வேலை வாங்கும் செயல்கள் நடுவயதில் மிகக் குறைவு. அந்தப் பட்டியலில் பைக்குக்கு நிச்சயம் இடம் உண்டு.

*

உடம்பு மாறியிருப்பதை ஒளிவுமறைவின்றிப் பார்க்க வேண்டும். கண்ணில் தொடங்குவோம். 40 வயதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை இறுகி, தூரத்திலிருந்து கிட்டத்துக்கு மாறுவது மெதுவாகிறது. சாலையைப் பார்த்துவிட்டு ஸ்பீடோமீட்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தத் தாமதம் உண்டு. அதனால் சிறிய எழுத்தில் பத்துத் தகவல் காட்டும் டிஜிட்டல் திரையைவிடப் பெரிய முள் உள்ள வட்ட மீட்டர் நமக்கு நல்லது. வயதோடு கண்மணியும் சிறுக்கிறது, வில்லையும் மஞ்சளிக்கிறது. 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் லாரியின் ஹைபீம் பட்டால் கண் தேறுவதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும். முகப்பு விளக்கு நல்லதாக உள்ள வண்டியைத் தேர்வது ஒரு வழி. இரவுப் பயணத்தை விட்டுவிடுவது அதைவிட நல்ல வழி.

அடுத்தது எதிர்வினை. ஆபத்தைக் கண்டு, முடிவெடுத்து, கை பிரேக்கைத் தொடுவதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறோம். பிரேக் தொடும் முன்பே 25 மீட்டர் போய்விட்டது. நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 23 மீட்டர், மொத்தம் 48. அதே ஆள், அதே வண்டி, 40 கி.மீ. வேகம் என்றால் மொத்தம் 27 மீட்டரில் நிற்கலாம். வயதால் எதிர்வினை அரை விநாடி கூடினால்கூட, வேகத்தை 10 கி.மீ. குறைத்து அந்தத் தூரத்தை முழுவதுமாக மீட்டுவிடலாம். இளைஞர்களுக்கு இல்லாத பொறுமை இந்த வயதில் வரும் என்றால் இந்தக் கணக்கு நம் பக்கம்தான்.

மூன்றாவது தசை. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, 60க்குப் பிறகு இன்னும் வேகமாக. வண்டி தேர்வில் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி இதுதான். எத்தனை சிசி என்பதை அப்புறம் பார்க்கலாம், எத்தனை கிலோ?

ஆர்எக்ஸ் 100 ஏறத்தாழ 100 கிலோ. இன்று அந்த வயதினர் ஆசைப்படும் கிளாசிக் 350 எடை 195 கிலோ, ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாலையில் ஓடும்போது இந்த எடை தெரியாது. வேகம் கூடக்கூட வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். சக்கரங்கள் சுழல்வதும், முன் சக்கரம் தரையைத் தொடும் இடம் கைப்பிடி அச்சுக்குப் பின்னால் அமைந்திருப்பதும், எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் சேர்ந்து அந்த நிலைத்தன்மையைத் தருகின்றன. இவற்றில் எது முக்கியம் என்று நூறாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. 2011இல் ஒரு டச்சு, அமெரிக்கக் குழு சுழற்சி விளைவையும் அச்சுப் பின்னிழுப்பையும் நீக்கிய சைக்கிள் ஒன்றைச் செய்து, அதுவும் தானே நிமிர்ந்து ஓடுவதைச் ‘சயின்ஸ்’ இதழில் காட்டியது. ஆனால் நடைவேகத்தில் இந்த உதவி எதுவும் கிடைப்பதில்லை. சிக்னலில், பெட்ரோல் பங்கில், வீட்டு வாசலில் திருப்பும்போது எடை முழுவதும் நம் காலிலும் இடுப்பிலும்தான்.

அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கைப்பிடி ஒரு மீட்டர் உயரத்தில். நேராக நிற்கும் வண்டியை ஒரு விரலால் பிடிக்கலாம். 195 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்தால் கைப்பிடியில் 17 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. 20 டிகிரியில் 33 கிலோ, 30 டிகிரியில் 49 கிலோ. 112 கிலோ எடையுள்ள ஸ்ப்ளெண்டர் அதே 30 டிகிரி சாய்ந்தாலும் 28 கிலோதான். அரை மூட்டை அரிசியை நீட்டிய கையால் தாங்குவது போன்ற வேலையை ஒரு சின்னக் குழியில் கால் வழுக்கிய கணத்தில் உடம்பு செய்ய வேண்டியிருக்கிறது. முட்டியிலும் முதுகிலும் வலி உள்ளவருக்கு 10 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் வண்டி நிற்பதற்கும் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இருக்கை உயரத்தின் முக்கியத்துவம் இங்கேதான் தொடங்குகிறது. தரை எட்டாவிட்டால் கால் ஊன்றுவதற்காகவே வண்டியைச் சாய்க்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்குக் கவட்டிலிருந்து தரை வரை ஏறத்தாழ 75 செ.மீ. இருக்கும். கிளாசிக் 350 இருக்கை 80.5 செ.மீ., ஹோண்டா ஹைனெஸ் 80, ஹண்டர் 79, மீட்டியர் 76.5. நாம் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், செருப்போ ஷூவோ கொஞ்சம் உயர்த்தும், இருக்கையின் அகலம் கொஞ்சம் பறிக்கும். அதனால் காகிதத்தில் உள்ள எண் பாதி உண்மைதான். நீங்கள் தினமும் போடும் ஷூவோடு ஷோரூமுக்குப் போய் உட்காருங்கள். பிறகு இறங்கி, எஞ்சினை அணைத்து, வண்டியைப் பின்னோக்கி ஒரு முழு வட்டம் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும். மூச்சு வாங்கினால் அந்த வண்டி உங்களுக்கானது இல்லை. டெஸ்ட் ரைடில் சாலையில் ஓட்டி அடையும் மகிழ்ச்சியைவிட இந்த ஒரு வட்டம் உண்மையைச் சொல்லும்.

எடையில் ஹண்டரும் ஹைனெஸும் 181 கிலோ, மீட்டியர் 191. அதே 350 சிசி பிரிவுக்குள்ளேயே 14 கிலோ குறைக்க முடியும். ஆசை புல்லட்டின் சத்தத்தில்தான் என்று இல்லாதவர்களுக்கு 125 முதல் 160 சிசி வரையிலான வண்டிகள் 120 முதல் 150 கிலோவுக்குள் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து புதுச்சேரி போய்வர அவை தாராளமாகப் போதும். முதல் ஆண்டுக்கு அப்படிப்பட்ட வண்டியைத்தான் நான் பரிந்துரைப்பேன். தேறியபின் பெரியதற்கு மாறலாம்.

அதிர்வையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது அதை ஈடுசெய்ய எதிர்ப்பக்கம் எதுவும் ஓடுவதில்லை, அந்த ஆட்டம் கைப்பிடி வழியே மணிக்கட்டுக்கு வருகிறது. 2020இல் மீட்டியரோடு வந்த புதிய ராயல் என்ஃபீல்டு எஞ்சினில் இதைத் தணிக்கும் சமன்தண்டு உண்டு, அதற்கு முந்தைய 350இல் இல்லை. விரல் மரத்துப்போகும் தொந்தரவு ஏற்கெனவே உள்ளவர்கள் பழைய தலைமுறை வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட வேண்டாம்.

*

பிரேக் பற்றி நம் ஊரில் ஒரு பழைய போதனை உண்டு: முன் பிரேக் பிடிக்காதே, கவிழ்ந்துவிடுவாய். டிரம் பிரேக் காலத்து அண்ணன்கள் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. இயற்பியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. நன்றாகப் பிரேக் பிடிக்கையில் மொத்த எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு முன் சக்கரத்தின் மேல் வந்துவிடும். பின் சக்கரத்தில் மிஞ்சும் எடை சொற்பம், அதனால் அது எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து 23 மீட்டரில் நிறுத்தும் வண்டியைப் பின் பிரேக் மட்டும் 40 மீட்டர் வரை இழுத்துக்கொண்டு போகும். விபத்தில் சிக்கியவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்பதை ஹர்ட் குழுவும் பதிவு செய்திருக்கிறது.

முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் கவிழ்வது உண்மை. அந்தப் பயத்தைத் தீர்ப்பதற்காகவே ஏபிஎஸ் வந்தது. சக்கரம் நிற்கப்போவதை உணர்ந்து, விநாடிக்குப் பலமுறை பிரேக்கைத் தளர்த்தி இறுக்கும் அமைப்பு அது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும், சிலவற்றில் இரண்டுக்கும். சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதையே வாங்குங்கள். அலாய் சக்கரம், நிறம், குரோம் என்று எதையும் இதற்காக விட்டுக்கொடுக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்களும் 2019 ஏப்ரலைக் கோடாக வைத்துக்கொண்டு அதற்குப் பின் வந்ததை மட்டும் பார்ப்பது நல்லது.

*

இனிப் பணம். இதுவும் கணக்குதான், இதிலும் சில விதிகள் இயற்பியலைப் போலவே யாருக்காகவும் வளையாதவை.

எக்ஸ்-ஷோரூம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 2023 நவம்பர் முதல் 12 சதவீதம், அதாவது 24,000 ரூபாய். புதிய வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350க்கு மேல் போனால் 15,117. சொந்தச் சேதக் காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் ஆன்ரோடு விலை எளிதாக இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். 350 என்ற எண்ணுக்கு வரியிலும் எடை கூடிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் 40 சதவீதமாக உயர்ந்தது. 349 சிசி வண்டியும் 450 சிசி வண்டியும் இன்று வெவ்வேறு பொருளாதார உலகத்தில் இருக்கின்றன. திரும்பி வருகிறவருக்குப் பெரிய எஞ்சினை வாங்காமல் இருக்க இது இன்னொரு நல்ல காரணம்.

கடன் வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டி ஃப்ளாட்டா, குறையும் நிலுவைக்கா? 2 லட்சம், 12 சதவீதம், 36 மாதம். குறையும் நிலுவைக்கு என்றால் மாதத் தவணை 6,643, மொத்த வட்டி ஏறத்தாழ 39,000. அதே 12 சதவீதம் ஃப்ளாட் என்றால் தவணை 7,556, மொத்த வட்டி 72,000. நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முழு 2 லட்சத்துக்கும் மூன்று ஆண்டும் வட்டி போடுகிறார்கள். உண்மையில் அது 21 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி. விளம்பரத்தில் இரண்டும் 12 என்றுதான் தெரியும்.

கடனே வேண்டாம் என்று மாதம் 6,600 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் தொடர் வைப்பில் போட்டால் 28 மாதத்தில் ஏறத்தாழ 2 லட்சம் சேர்ந்துவிடும். 36 மாதம் கட்டுவதற்குப் பதில் 28 மாதம் சேமிப்பு. 30 வயதுக்காரரிடம் தயங்காமல் இதைச் சொல்வேன். 57 வயதுக்காரரிடம் சொல்லத் தயங்குவேன். அவருக்கு அந்த 28 மாதமும் விலைமதிப்புள்ளது, முட்டியும் கண்ணும் இன்று இருப்பதுபோல் அன்று இருக்கும் என்ற உறுதி இல்லை. அதேநேரம் ஓய்வூதியத்தை நெருங்கும் வயதில் 21 சதவீதக் கடனும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது: கையிலுள்ள பணத்துக்குள் அடங்கும் பழைய வண்டி.

காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணையைப் பாருங்கள். ஓராண்டு முடிந்ததும் 20 சதவீதம் போய்விடும். பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம், 4 ஆண்டு தாண்டினால் பாதிதான் மிச்சம். சந்தையில் சில வண்டிகள் இதைவிட நல்ல விலைக்குப் போகும் என்றாலும், தேய்மானத்தின் பெரிய அடி முதல் ஆண்டிலேயே விழுகிறது. அதை முதல் உரிமையாளர் தாங்கிக்கொண்டார், ஆயுள் வரியையும் அவரே கட்டிவிட்டார். 3 ஆண்டு ஓடிய வண்டியை வாங்குகிறவருக்கு இரண்டும் மிச்சம்.

மைலேஜ் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 400 கி.மீ. ஓட்டினால், லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டிக்குப் பெட்ரோல் 1,150 ரூபாய் அளவில் ஆகும், 60 கி.மீ. தரும் வண்டிக்கு 670. வித்தியாசம் 500 ரூபாய்க்குள். அதே வேளையில் 2 லட்சம் ரூபாய்ப் புது வண்டி 5 ஆண்டில் பாதி மதிப்பு இழந்தால் மாதம் 1,667 ரூபாய் வீட்டு வாசலில் நின்றபடியே கரைகிறது. குறைவாக ஓட்டுகிறவருக்கு வாங்கும் விலைதான் செலவு, மைலேஜ் இல்லை.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள். எஞ்சின் சத்தத்தை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் காற்றிலும் வெயிலிலும் இறுகிக்கொண்டே போகும், கட்டை தேயாமல் இருந்தாலும் பிடிப்பு போய்விடும். ஓரமாக நிறுத்திவைத்திருந்த, குறைவாக ஓடிய வண்டிகளில்தான் இந்த ஏமாற்றம் அதிகம். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் நடுவில் சிக்குகிறதா, செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் சாய்ந்து கூர்மையாகிவிட்டனவா என்று பாருங்கள். ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்களின் என்.ஓ.சி. கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படி மிச்சம் பிடித்த பணம் தலைக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டின் வேலை எளிய ஒரு வகுத்தல். தலை விழும் உயரத்தை, அது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையை உள்ளே உள்ள நுரை 25 மில்லிமீட்டர் நசுங்கி நிறுத்தினால் விசை புவியீர்ப்பைப் போல 60 மடங்கு. நுரை இல்லாமல் இரண்டரை மில்லிமீட்டரில் நின்றால் 600 மடங்கு. மூளைக்கு இந்தப் பத்து மடங்கு வித்தியாசம்தான் உயிர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று 2008இல் சொன்னது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகத்தை முழுதாக மூடும், அழுத்தினால் கன்னம் சேர்ந்து அசையும் அளவுக்கு இறுக்கமான ஹெல்மெட் வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் நுரை ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அது இரண்டாவது முறை காக்காது. கணுக்கால் மூடும் ஷூ, கையுறை, முட்டிக்கும் தோளுக்கும் காப்புள்ள மேலங்கி இவற்றையும் வண்டியின் விலைக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். இவை எல்லாம் சேர்ந்து பதினைந்து, இருபதாயிரம் ஆகும் என்றால், அந்த அளவுக்கு மலிவான வண்டியைப் பாருங்கள். இந்த வயதில் உடைந்த எலும்பு கூடுவதற்கு இளமையில் ஆனதைவிடக் கூடுதல் காலம் ஆகும்.

ஷோரூமுக்குக் கிளம்புவதற்கு முன் அலமாரியிலுள்ள ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். கார் உரிமம் மட்டும் இருந்தால் கியர் வண்டி ஓட்ட முடியாது, அதில் எம்.சி.டபிள்யூ.ஜி. என்ற பிரிவு இருக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர் புதுப்பிக்க 1ஏ படிவத்தில் மருத்துவர் சான்று வேண்டும், 55 வயதுக்கு மேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி தேர்வுக்குப் போய் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் புரோக்கரைத் தேடாதீர்கள். முன்னால் சொன்ன அந்த ஒரு மாத மைதானப் பழக்கத்தை முடித்துவிட்டு, நீங்கள் வாங்க நினைக்கும் எடையுள்ள வண்டியிலேயே போய், நீங்களே எட்டு போடுங்கள். போட முடிந்தால் அந்த வண்டியை வாங்கலாம், முடியாவிட்டால் 30 கிலோ குறைந்த வண்டியைப் பாருங்கள்.